அவரைப் பந்தலில் முதலைக்குட்டிகள்

சித்தப்பாவின் கல்யாணத்தைக் கெடுத்தவள் நான்தான் என்று பத்து வயதில் ஐந்து வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். ஐந்து வாரம் பெரியவர்களுக்கு ஒன்றுமில்லை. எனக்கு அது அரையாண்டு விடுமுறையில் தொடங்கி, புத்தாண்டுக்கு எடுத்த புது உடுப்பின் சந்தோஷத்தையும் விழுங்கிவிட்டு, தை மாதக் கடைசிவரை நீண்ட பெரிய காலம்.

திசையன்விளையிலிருந்து டவுன் பஸ்ஸில் கால்மணி நேரத்தில் எங்கள் ஊர் வந்துவிடும். அப்பா பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். அம்மா அதே பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். இருவரும் காலையில் சேர்ந்து கிளம்பி, மாலையில் சேர்ந்து திரும்பி, அன்றைக்கு ஹெட்மாஸ்டர் செய்த தவறுகளைச் சேர்ந்தே பேசுவார்கள். அப்பாவின் தம்பியான சித்தப்பா மட்டும் அந்தப் பேச்சில் கலக்காமல் சீக்கிரமாகச் சாப்பிட்டு எழுந்துவிடுவார். திருப்பூர் பனியன் கம்பெனியில் நான்கு வருடம், துபாயில் ஏசி மெக்கானிக்காக ஐந்து வருடம் இருந்தவர், ஒருநாள் பெட்டியோடு வந்து இறங்கி, "போதும்ணே" என்று அப்பாவிடம் சொன்னார். எது போதும் என்று யாருக்கும் விளக்கவில்லை. மறுமாதமே கிணற்றடி நிலத்தில் கல்கால்கள் ஊன்றி, கம்பி இழுத்து, அரை ஏக்கரில் அவரைப் பந்தல் போட்டார்.

துபாய் மாப்பிள்ளையாக இருந்தவரை வீடு தேடி வந்த சம்பந்தங்கள் அவரைக்காய் மாப்பிள்ளை ஆனதும் வழி மறந்துபோயின. மூன்று இடம் தட்டிப்போனது. சித்தப்பாவுக்கு முப்பத்து மூன்று வயது ஆகியிருந்தது. அம்மா ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அவர் பெயரை முதலில் சொல்லத் தொடங்கியிருந்தாள். அதுவே நிலைமை மோசம் என்பதற்கு அடையாளம்.

நாலாவது இடம் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்தது. எலுமிச்சையும் முருங்கையும் போட்டிருக்கும் குடும்பம். பெண்ணின் அப்பாவுக்கு மூட்டுவலி வந்தபிறகு, தோட்டத்தைக் கவனிப்பது பெண்தான் என்றார்கள். கிறிஸ்துமஸ் கழிந்து வீடு பார்க்க வருவதாகப் போனில் சொன்ன பெண்ணின் அப்பா, கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்தார். "வீட்டுல எங்களுக்குப் பாக்க ஒண்ணும் இல்ல. பிள்ளை தோட்டத்தைத்தான் பாக்கணும்னு சொல்லுதா. அவளும் வருவா."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்ணே வருகிற வழக்கம் கிடையாது. அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். சித்தப்பா அன்று மாலையே சைக்கிளில் போய் ஒரு மூட்டை யூரியா வாங்கி வந்தார்.

பந்தல் பச்சைப் பசேலென்று இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஒரு மூட்டை போதாதென்று அடுத்த வாரம் இன்னொரு மூட்டை வந்தது. அவர் நினைத்தபடியே கொடி கொழுத்தது. இலைகள் என் உள்ளங்கையைவிட அகலமாயின. கொழுந்துகள் தொட்டால் ஒடிந்துவிடும் போல மினுமினுத்தன. சித்தப்பா பந்தலுக்குக் கீழே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்தால், துபாயில் பார்த்த எந்தக் கட்டடமும் இதற்கு ஈடில்லை என்று நினைக்கிறவர் போல இருந்தது.

மார்கழி மேகமூட்டமும் பனியும் வந்ததோடு பேனும் வந்தது. எங்கள் ஊரில் செடிப்பேன் என்போம். மருந்துக்கடைக்காரர் அசுவினி என்று அழகாகப் பெயர் சொன்னார். முதல் நாள் நாலைந்து கொழுந்துகளில் எள்ளைத் தூவினாற்போல் இருந்தது. மூன்றாம் நாள் கொழுந்தே தெரியாமல் எள் மட்டும் தெரிந்தது. இலைகள் கீழ்ப்பக்கமாகச் சுருண்டன. பந்தலுக்குக் கீழே நடந்தால் தலைமுடி பிசுபிசுத்தது. அந்தப் பிசுபிசுப்புக்காகவே எறும்புகள் ஒவ்வொரு கல்காலிலும் வரிசை பிடித்து ஏறின. சில இலைகளின் மேல் விளக்குப்புகை படிந்தது போலக் கரும்பூச்சு. பூக்கள் காய் பிடிக்காமலே உதிர்ந்தன.

பெண் வீட்டார் வர ஒன்பது நாள்தான் இருந்தது.

"சாம்பலைத் தூவுலே" என்றார் அப்பா. ஊர் முழுக்கக் கேஸ் அடுப்பு ஆனபின் சாம்பலுக்கு எங்கே போவது என்று யோசித்து, சித்தப்பா டீக்கடையில் கேட்டு வாங்கி வந்து தூவினார். பேன் வெள்ளையாகிக்கொண்டு அங்கேயே இருந்தது. "சோப்புத் தண்ணி அடிங்க தம்பி" என்றாள் அம்மா. எவ்வளவு என்று அம்மா சொல்லவில்லை. சித்தப்பா துணி சோப்பை முழுசாகக் கரைத்து அடித்ததில், அடித்த பக்கமெல்லாம் இலை கருகியது. கடைசியில் மருந்துக்கடைக்காரர் கொடுத்த டின்னோடு வந்தார். அதை அம்மா தடுத்துவிட்டாள். "வாறவங்க மூக்கைப் பொத்திக்கிட்டா நிக்கணும்? மொதல்ல வந்துட்டுப் போகட்டும். பெறவு அடிங்க." டின் திறக்கப்படாமல் மோட்டார் ரூம் அலமாரியில் உட்கார்ந்தது.

இந்த நெருக்கடியில் எனக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. அதனால் நானே எடுத்துக்கொண்டேன்.

விடுமுறை என்பதால் நாள் முழுவதும் பந்தலுக்குக் கீழேதான் கிடந்தேன். அப்படிக் கிடக்கையில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். பேன் எங்கே அடர்த்தியாக இருந்ததோ அங்கே வேறொரு பூச்சியும் இருந்தது. அரை நகம் நீளம். கறுத்த உடம்பு, முதுகில் ஆரஞ்சுப் புள்ளிகள், பக்கத்துக்கு மூன்று கால், கூரான வால். அசல் முதலைக்குட்டி. பார்க்கவே அருவருப்பாக இருந்தது. சின்னப் பேன்களுக்கு நடுவில் அது பெரிதாக உட்கார்ந்திருந்ததால், அதுதான் பேனின் அம்மா என்று முடிவு செய்தேன். குட்டிகளை ஆயிரம் ஆயிரமாகக் கொன்று என்ன பயன்? அம்மாக்களைப் பிடித்துவிட்டால் போதும். இது அப்பாவுக்கும் தோன்றவில்லை, சித்தப்பாவுக்கும் தோன்றவில்லை, கடைக்காரருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

அம்மா கழுவிக் கவிழ்த்திருந்த எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டேன். நசுக்க மனம் வரவில்லை. குச்சியால் தட்டித் தட்டி உள்ளே விழவைத்தேன். மூன்று நாளில் அறுபத்திரண்டு. யாரிடமும் மூச்சு விடவில்லை. சித்தப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு, எல்லோரும் கூடியிருக்கும்போது எடுத்துக் காட்டுவதாக இருந்தேன்.

அவர்கள் வந்தது கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் ஒரு சனிக்கிழமை. உவரி மீன்காரரிடம் காலையிலேயே நெய்மீன் வாங்கி அம்மா குழம்பு கூட்டியிருந்தாள். பெண்ணின் அப்பா வாட்டசாட்டமான மனிதர். கையில் கம்பு, அதைவிடப் பெரிய குரல். காப்பியைக் குடித்துவிட்டு, "சாப்பாடு இருக்கட்டும், தோட்டத்துக்குப் போவோம்" என்று எழுந்தார்.

பெரியவர்கள் வரப்பில் நின்று கிணற்றின் ஆழத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். பெண் நிற்கவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு நேராகப் பந்தலுக்குள் வந்து, ஓர் இலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். இதுவரை பந்தலைப் பார்க்க வந்த எல்லோரும் இலையின் மேல்பக்கத்தைத்தான் பார்த்தார்கள். அடிப்பக்கம் பார்த்தது நானும் அவளும்தான். அதனால் எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. கல்யாணம் வரை காத்திருக்கும் திட்டத்தைக் கைவிட்டு, மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒளித்திருந்த பாட்டிலை எடுத்து வந்தேன்.

"அக்கா, இதப் பாத்தியளா?"

சித்தியாக வரப்போகிறவளை அக்கா என்று கூப்பிடக் கூடாது என்பதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. அந்த அக்கா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது என்னம்மா?"

"பேனோட அம்மா. அறுபத்திரண்டு இருக்கு."

"யாரு பிடிச்சா?"

"நான்தான். நான் மட்டும். சித்தப்பாவுக்கே தெரியாது."

அவள் சிரிக்கவில்லை. என் உயரத்துக்குக் குனிந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கம்பு ஊன்றும் சத்தம் கேட்டது. அவள் அப்பா வந்து பாட்டிலை வாங்கினார், கண்ணருகே கொண்டுபோனார், பிறகு வரப்பில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி ஒரு சிரிப்பு சிரித்தார்.

"ஏய், இத யாருவே பிடிச்சு அடைச்சு வச்சது?"

அப்பா, அம்மா, கூட வந்த உறவினர்கள், எல்லோரும் திரும்பினார்கள். வகுப்பில் விடை தெரிந்தவள் தூக்குவது போல நான் கையைத் தூக்கினேன். கை காது உயரத்துக்குத்தான் போயிருக்கும். எனக்குப் பின்னாலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது.

"நான்தான் பிடிச்சேன்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. அந்தப் பாட்டிலை அவர் அதுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மூன்று நாள் வெயிலிலும் பனியிலும் கிடந்து நான் பிடித்ததை, பெண் வீட்டார் முன்னால் கூசாமல் தன்னுடையது என்கிறாரே! திரும்பி அவரை முறைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

பெண்ணின் அப்பா பாட்டிலை உயர்த்திப் பிடித்தார். "பேனைத் திங்குத பூச்சியப் பிடிச்சுப் பாட்டில்ல அடைச்சிட்டு, பேனைப் பந்தல்ல சொகமா விட்டு வச்சிருக்கியளே! வெவசாயம் செய்யுதியளா, வெளாட்டுக் காட்டுதியளா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சித்தப்பாவின் காது சிவந்தது. "தெரியாமப் போச்சு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

என் கை தானாகவே கீழே இறங்கியது. உண்மையைச் சொல்வதென்றால், அந்த நேரத்தில் எனக்கு வந்தது வருத்தம் இல்லை. நல்லவேளை, கையைத் தூக்கியதை யாரும் பார்க்கவில்லை என்ற நிம்மதிதான்.

அந்த அக்கா தன் அப்பாவிடமிருந்து பாட்டிலை வாங்கினாள். மூடியைத் திறந்து, உயிரோடு இருந்தவற்றை ஒவ்வொரு கொழுந்தாகத் தட்டிவிட்டாள். பாதிக்கு மேல் உயிரோடுதான் இருந்தன. "இது பொறிவண்டோட குஞ்சு" என்று சொன்னாள். சித்தப்பாவிடம் சொல்வது போல எனக்கும் சொன்னாள். "செவப்பா புள்ளி போட்ட வண்டு இருக்கும்லா, அதுவா மாறுததுக்கு முந்தி இப்படித்தான் இருக்கும். வண்டைவிட இதுதான் நெறையத் திங்கும்." பிறகு இன்னொரு இலையைத் திருப்பியபடி கேட்டாள்.

"யூரியா போட்டியளா?"

"ரெண்டு மூட்டை."

"அரை ஏக்கருக்கா? எதுக்கு?"

சித்தப்பா கருகிய ஓர் இலையைக் கிள்ளி எடுத்தார். "பச்சையா இருக்கணும்னு" என்றார்.

அந்த அக்கா சட்டென்று குனிந்து எதையோ தேடினாள். கீழே விழுந்த முதலைக்குட்டியைத் தேடுகிறாள் என்று நினைத்து நானும் குனிந்து தேடினேன். நிமிர்ந்தபோது அவள் குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"இனி போடாதிய. கொழுந்து எளசா இருந்தாத்தான் பேனு விழும். ரொம்பச் சுருண்டதைக் கிள்ளித் தூரப் போடுங்க. காலையில தண்ணிய வேகமா பீய்ச்சி அடிங்க, பாதிப் பேனு கீழ விழுந்துரும். கல்கால்ல கிரீஸ் தடவுங்க. எறும்பு ஏறுனா இந்தக் குஞ்சைக் கடிச்சு வெரட்டிரும், எறும்புக்குப் பேனுதான பசுமாடு, அது விடுத இனிப்புத் தண்ணிதான் பாலு. மருந்து மட்டும் பத்து நாளைக்கு அடிக்காதிய. அடிச்சா பேனோட சேத்து இதுவும் செத்துப்போவும்."

சித்தப்பா தலையாட்டினார். அவ்வளவுதான் அவர்கள் பேசியது. நெய்மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கிளம்பிப் போனார்கள்.

மூன்றாம் நாள் போன் வந்தது. அப்பா "சரி, சரி" என்று கேட்டு வைத்துவிட்டு, "பைய பாப்போம்னு சொல்லுதாரு" என்றார். எங்கள் பக்கத்தில் பைய பார்ப்போம் என்றால் இனிப் பார்க்க மாட்டோம் என்று பொருள்.

அன்று சாப்பிடும்போது ஹெட்மாஸ்டரைப் பற்றி யாரும் பேசவில்லை. "ஊறுகாய் பாட்டிலால போச்சு ஒரு சம்பந்தம்" என்றார் அப்பா. அம்மா, "அந்தப் பூச்சியப் பிடிக்கணும்னு ஒங்களுக்கு எப்படித் தோணுச்சு தம்பி?" என்று கேட்டாள். சித்தப்பா சோற்றைப் பிசைந்தபடி, "தோணுச்சு மைனி" என்றார். என் தட்டிலிருந்த ரசத்தில் கறிவேப்பிலை மிதந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வாய்க்கும் நினைத்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அந்த வாய் சோறும் நினைப்பும் சேர்ந்து உள்ளே போய்விட்டன.

அப்பா கைகழுவி வந்து, "சம்பந்தந்தான் போச்சு, காயாவது மிஞ்சட்டும். நாளைக்கு அந்த மருந்தை எடுத்து அடிலே" என்றார்.

"பத்து நாள் ஆகட்டும்ணே."

"யாரு சொன்ன பத்து நாளு? பைய பாப்போம்னு சொன்ன வீட்டுப் பிள்ளை சொன்ன பத்து நாளா?"

சித்தப்பா தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் விடியற்காலை நான் அவருக்கு முன்னால் தோட்டத்தில் நின்றேன். எனக்கு வேறு பரிகாரம் தெரியவில்லை. அவர் ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தித் தண்ணீர் அடிப்பார். நான் சுருண்ட நுனிகளைக் கிள்ளி வாளியில் போடுவேன். கல்கால்களில் இடுப்பு உயரத்துக்குக் கிரீஸ் தடவினோம். எறும்புகள் கிரீஸ் வரை வந்து, நின்று, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு யோசித்தன. பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னவே, பந்தலுக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுதிய?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தண்ணீர் அடிக்கத் தொடங்கிய நாலாம் நாளும் பேன் குறையவில்லை. கூடியது போலத்தான் இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் அண்ணாச்சி மருந்து அடித்தார். அங்கே ஒரே நாளில் செடி சுத்தமாயிற்று. அதைப் பார்க்காதது போலச் சித்தப்பா தண்ணீர் அடித்தார்.

ஆறாம் நாள் காலையில் முதலைக்குட்டிகள் அசையவில்லை. இலையின் அடியில் வாலை ஒட்டவைத்துக்கொண்டு, உடம்பைச் சுருக்கிக்கொண்டு, தொட்டாலும் நகராமல் இருந்தன. ஒன்றில்லை, நான் பார்த்த அத்தனையும். பாட்டிலில் மூன்று நாள் அடைத்து வைத்ததால்தான் எல்லாம் செத்துவிட்டன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வரப்பில் உட்கார்ந்து அழுதேன். சித்தப்பா வந்து இலையைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகமும் விழுந்துவிட்டது. மோட்டார் ரூமுக்குப் போனார். டின்னை எடுத்து, அதில் எழுதியிருந்ததை நின்றபடியே படித்தார். இன்றைக்கு அடித்துவிடுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து டின்னை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து, "இன்னும் நாலு நாள் இருக்குல்லா" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன் ஓர் இலையைத் திருப்பினேன். ஒட்டிக்கொண்டிருந்த கூடு முதுகுப் பக்கம் பிளந்திருந்தது. அதன் மேலேயே ஒரு வண்டு உட்கார்ந்திருந்தது. புள்ளி இல்லை, சிவப்பும் இல்லை. வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு போல வெளிறி, ஈரமாக இருந்தது. "சித்தப்பா!" என்று நான் போட்ட கத்தலில் அவர் ஹோஸ் பைப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். இருவரும் தலையோடு தலை முட்டப் பார்த்துக்கொண்டே நின்றோம். அன்று நான் பள்ளிக்கூடத்துக்கு இரண்டாவது பெல்லுக்குத்தான் போனேன். மாலையில் வந்து பார்த்தால் அதே இலையில் சிவந்த வண்டு, முதுகில் கறுப்புப் புள்ளிகள்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஒரு வாரத்தில் பந்தல் முழுக்க வண்டு. பேன் இருந்த இடங்களில் வெள்ளைச் சொறி போல வெறும் தோல்தான் மிச்சம். புதுக்கொழுந்துகள் நிமிர்ந்து வந்தன, முன்பு போல் மினுமினுப்பாக இல்லை, கொஞ்சம் முரடாக, உறுதியாக. ஊதாப்பூ உதிராமல் நின்றது. பிஞ்சு பிடித்தது. பக்கத்து அண்ணாச்சியின் தோட்டத்தில் பேன் மறுபடியும் விழுந்து, அவர் இரண்டாவது தடவை மருந்து அடித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா அவருக்கும் ஒரு டப்பா நிறைய வண்டு கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் அதை வாங்கிக்கொண்டு, சித்தப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

எனக்கு மட்டும் உள்ளே உறுத்தல் போகவில்லை. பந்தல் தேறிவிட்டது; சம்பந்தம் தேறவில்லையே.

தை மாதக் கடைசியில் எங்கள் சபையின் அசனம் வந்தது. வருடத்தில் ஒருநாள் கோயில் வளாகத்தில் பெரிய அண்டாக்களில் சமைத்து, ஊரும் சுற்றுப்பட்டு ஊரும் பந்தி பந்தியாக உட்கார்ந்து சாப்பிடுவது. காய்கள் எல்லாம் அவரவர் தோட்டத்துக் காணிக்கை. சித்தப்பா முதல் பறிப்பில் இரண்டு சாக்கு அவரைக்காய் கொண்டுவந்து இறக்கினார். காய் நறுக்குவதற்காகக் கோயில் முன்னால் போட்ட ஓலைப் பந்தலுக்குக் கீழே பாய் விரித்து ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் ஒரு நாற்காலி போட்டு, கம்பை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெரிய குரல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் பாயில் அந்த அக்கா, அவரைக்காயில் நார் எடுத்துக்கொண்டு.

பெண்ணின் அப்பா சாக்கிலிருந்து ஒரு கை அள்ளினார். ஒன்றை ஒடித்து முகர்ந்தார்.

"யாரு தோட்டத்துக் காய்வே இது? மருந்து வாடையே இல்லியே."

யாரோ சித்தப்பாவைக் காட்டினார்கள். சித்தப்பா தண்ணீர்க் குடத்தோடு நின்றார்.

"நீங்களா? அவ்வளவு பேனு இருந்துதே, மருந்து அடிக்கலையா?"

"அடிக்கலை. பத்து நாள் அடிக்காதியன்னு சொன்னாங்க."

"நாங்கதான் பைய பாப்போம்னு சொல்லிட்டோமே. பெறவும் காத்துக் கெடந்தியளா?"

சித்தப்பா குடத்தை மற்றத் தோளுக்கு மாற்றினார். பெண்ணின் அப்பா அவரைப் பார்த்தார், பிறகு கீழே குனிந்து மகளைப் பார்த்தார். மகள் ஒரே காயில் மூன்றாவது தடவையாக நார் எடுத்துக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று பட்டது. அந்த அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நானும் ஒரு காயை எடுத்து, அவள் காதோடு சொன்னேன்.

"அக்கா, அந்தப் பாட்டில்ல இருந்ததச் சித்தப்பா பிடிக்கல. நான்தான் பிடிச்சேன்."

"தெரியும்."

"எப்படி?"

"நீதான சொன்ன. அன்னைக்கே."

சொன்னேன்தான். அதை நான் அடியோடு மறந்திருந்தேன். ஐந்து வாரமாக எதை மறைத்துக்கொண்டு செத்துக்கொண்டிருந்தேனோ, அதை முதல் நாளே பெருமையாக அவளிடம் சொல்லியிருந்தேன்.

"அப்ப ஏன் ஒங்க அப்பாட்ட சொல்லல?"

"வீட்டுக்குப் போனதும் சொல்லிட்டேன். அவருதான், 'புள்ளையச் சாக்கு சொல்லாத, பேனை வளத்தது அவந்தான'ன்னு பிடிவாதமா இருந்தாரு."

"ஒங்களுக்கு எங்க சித்தப்பாவைப் பிடிக்கலையா?"

அவள் கையிலிருந்த காயைச் சட்டியில் போட்டாள். பந்தலுக்கு வெளியே குடத்தைச் சுமந்துகொண்டு போகும் சித்தப்பாவைப் பார்த்தாள். "அன்னைக்கு அந்தப் பாட்டில்ல இருந்ததப் பிடிச்சது நான்தான்னு சொன்னாருல்லா" என்றாள் மெதுவாக. "அதனாலதான்."

அதனாலதான் பிடிக்கவில்லை என்று எனக்கு விளங்கியது. பொய் சொல்கிற மாப்பிள்ளையை யாருக்குப் பிடிக்கும்? என்னால்தான் அவர் பொய் சொன்னார். கோயில் மணிக்கூண்டின் பின்னால் போய் நின்று அழுதுவிட்டு, முதல் பந்தியைத் தவறவிட்டு, மூன்றாம் பந்தியில் சாப்பிட்டேன். அவரைக்காய்க் கூட்டு நன்றாக இருந்தது. அதுவும் வருத்தமாக இருந்தது.

அடுத்த வாரம் பெண்ணின் அப்பாவே பஸ் ஏறி வந்தார். பைய என்ற சொல் இந்தமுறை அவர் வாயில் வரவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் முடிந்ததும் சித்திரையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

எனக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்தது. பொறிவண்டுகள் பேனைத் தின்றன, காய் நன்றாகக் காய்த்தது, அவர் ஒடித்து முகர்ந்தார், பெண் கொடுத்தார். அவரே அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னார். "காயப் பாத்துப் புள்ளையக் கொடுத்தேன்" என்று. நானும் கல்யாண வீட்டில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்த வருடத்தில்தான் சித்தி சொன்ன 'அதனாலதான்' எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. அன்று பந்தலில் ஒரு வண்டுகூட ஒரு பேனைத் தின்று முடிப்பதற்கு முன்பே அவள் தீர்மானித்திருந்தாள். ஒரு சின்னப் பெண்ணின் மேல் விழ இருந்த சிரிப்புக்கு நடுவே, பாட்டிலில் என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாத ஒருவர் வந்து நின்றதைப் பார்த்துத் தீர்மானித்திருந்தாள்.

பத்து வயதில் இது எதுவும் தெரியாது. கல்யாணத்தன்று, மாலையோடு நின்ற சித்தியின் கையைப் பிடித்து இழுத்து, "பொறிவண்டு இல்லன்னா இந்தக் கல்யாணமே நடந்திருக்காதுல்லா சித்தி?" என்று கேட்டேன். "ஆமா" என்றாள், சித்தப்பாவைப் பார்த்துக்கொண்டே. அவர் கோட்டில் வண்டு ஏதும் உட்கார்ந்திருக்கிறதோ என்று நானும் எட்டி எட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.